மாளிகையில் ஓரிரவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாட்டியமும் நாடகமும் காத்திருக்கும்போது இடையே ஒரு சொற்பொழிவு என்றால், அவையோர் உள்ளத்தில் சிறிது அச்சம் தோன்றுவது இயல்பே. அதிலும் சமையற்கட்டிலிருந்து சாம்பார் மணம் வரத் தொடங்கிவிட்ட வேளை இது. ஆகவே சுருங்கச் சொல்லி அமர்வோம். மேடையில் நிற்பவர் ஒருவரே ஆயினும், சொல்லப் போவது கணவன் மனைவி இருவரும் கண்டதும் எண்ணியதும் ஆதலின், ‘நாங்கள்’ என்றே பேசுகின்றோம். பொறுத்தருள வேண்டும்.

‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். தொல்காப்பியர் நூலுக்குரிய எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைச் சொல்கிறார். அங்கே அது புதுவகையான படைப்பைக் குறிக்கும். பின்னர் அச்சொல் வீட்டிற்குப் புதிதாய் வந்தவரைக் குறித்தது. இன்று அவருக்கு இடும் உணவையும் குறிக்கிறது. உற்றாரும் உறவினரும் வருவது விருந்தன்று. முன்பின் அறியாதவர் வருவதே விருந்து என்று நம் முன்னோர் கொண்டனர். வள்ளுவரும் சுற்றந்தழாலுக்கு ஓர் அதிகாரமும் விருந்தோம்பலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார்.

அறியாதவரை ஓம்புதல் என்பது அக்காலத்தில் இல்லறத்தார் கடமை. இக்காலத்திலோ மனிதர் ஆகாயத்தில் பறக்கின்றனர். ஒருநாள் அந்த விமானம் பறக்கவில்லை என்றால், வீடும் ஊரும் இல்லாத இடத்தில் நிற்கும் இருநூறு முந்நூறு பேருக்கு இல்லறத்தார் யார்? அவர்களை ஓம்ப வேண்டியவர் எவர்? இந்தக் கேள்வி எங்களுக்கு ஏட்டிலிருந்து தோன்றியதன்று. இங்கிலாந்தில் ஒரு பனி இரவில் தோன்றியது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. இலண்டனிலும் அதன் தென்கிழக்குப் பகுதிகளிலும் அன்றிரவு கடும்பனி கொட்டிற்று. கேட்விக், ஸ்டான்ஸ்டெட் விமான நிலையங்களின் ஓடுபாதைகள் மூடப்பட்டன. ஹீத்ரோவில் உறைபனி மூட்டத்தால் பல விமானங்கள் நின்றன. மகன் வீட்டில் சில வாரங்கள் இருந்துவிட்டு தில்லி திரும்ப நாங்கள் ஏறி அமர்ந்திருந்த விமானமும் அவற்றுள் ஒன்று. இறக்கையின்மேல் படிந்த பனியை மருந்துநீர் தெளித்துக் கரைப்பதற்காக மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்தோம். பின்பு, விமானிகள் தொடர்ந்து பணியாற்றச் சட்டம் அனுமதிக்கும் நேரம் கடந்துவிட்டது என்று அறிவித்து, எல்லோரையும் இறக்கிவிட்டனர்.

விமானக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டா. அன்றிரவு எந்தக் கம்பெனியாயினும் நிலைமை ஏறக்குறைய அதுவாகவே இருந்திருக்கும். ஒரு மேசை, அதன் பின்னே இரண்டு பெண்கள், அதன் முன்னே இருநூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஒருமுறை, மிக விரைவாக, ஓர் அறிவிப்பு. கையில் ஒரு தாள். அதில் பொடி எழுத்தில் ஏதேதோ விதிகள்.

அந்த வரிசையில் எங்களுக்கு முன்னே ஓர் அம்மையார் நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். கும்பகோணத்தைச் சேர்ந்தவர், மகளின் பிள்ளைப்பேற்றுக்காக வந்து ஆறு மாதம் தங்கி, தனியே ஊர் திரும்புகிறவர். வரிசை நகர நகர அவர் மட்டும் ஒதுங்கி ஒதுங்கிப் பின்னே போய்க்கொண்டிருந்தார். காரணம் கேட்டோம். “ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார்களாமே, தம்பி. அதற்கெல்லாம் எவ்வளவு கேட்பார்களோ! என்னிடம் இருப்பது இருபது பவுன் நோட்டு ஒன்றுதான். விடிகிற வரையில் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்” என்றார். ஒரு காசும் கேட்க மாட்டார்கள், இது கம்பெனியின் கடமை என்று நாங்கள் விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. “நீங்கள் இருவரும் வருவதானால் நானும் வருகிறேன்” என்று எங்களோடு சேர்ந்துகொண்டார்.

நிலையத்தைச் சுற்றியிருந்த விடுதிகள் யாவும் நிரம்பிவிட்டிருந்தன. ஆகவே எங்களுள் நாற்பது பேரை ஒரு பேருந்தில் ஏற்றி, நகருக்கு வெளியே நெடுந்தொலைவு கொண்டு சென்றனர். நள்ளிரவு கடந்து ஒரு பெரிய இரும்பு வாயில் திறந்தது. இருபுறமும் வெண்பனி மூடிய மரங்கள்; நடுவே வளைந்து செல்லும் பாதை; அதன் முடிவில் விளக்கொளியில் ஒரு மாளிகை. சினிமாவில் பிரபுக்கள் குதிரை வண்டியில் வந்து இறங்குவார்களே, அத்தகைய மாளிகை! அதன் படிகளில் நாங்கள் கசங்கிய சால்வையும், குரங்குக் குல்லாயும், கயிறு கட்டிய கைப்பையுமாக இறங்கினோம்.

உள்ளே ஆளுயரக் கணப்பில் கட்டை எரிந்துகொண்டிருந்தது. சுவரில் யாரோ பிரபுக்களின் ஓவியங்கள். எங்களுக்கு அளித்த அறை இங்கே நம் காலனி வீட்டின் முழு அளவு இருந்தது. கட்டிலுக்கு நாற்புறமும் தூண்கள். குளியலறையில் சிங்கப் பாதம் வைத்த பெரிய வெண்ணிறத் தொட்டி. அதில் இறங்கினால் ஏறுவது எப்படி என்று அம்மையார் கேட்டார். குவளை ஒன்றைத் தேடிப் பெற்று, நம் ஊர் முறையிலேயே குளித்து முடித்தார். மறுநாள் காலையில் வெள்ளித் தட்டில் மூடி போட்டு உணவு வந்தது. மூடியை எடுத்தால், சைவ உணவினருக்கென்று அரைத் தக்காளியும், வதக்கிய காளானும், ரொட்டியும், இனிப்புத் தக்காளிச் சாற்றில் வெந்த அவரை விதையும் இருந்தன. அம்மையார் தம் பையைத் திறந்தார். மகள் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம்! எங்களுக்கும் பக்கத்து மேசையில் இருந்த ஒரு குஜராத்திக் குடும்பத்திற்கும் அவரே பரிமாறினார். அந்த மாளிகையில் அன்று உண்மையான விருந்தோம்பியவர் யார் என்று எங்களைக் கேட்டால், அவரைத்தான் சொல்வோம்.

இனி, இத்தகைய மாளிகைகள் எவ்வாறு விடுதிகளாயின என்பதைச் சிறிது சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் பெருநிலக்கிழார்கள் எழுப்பிய இம்மாளிகைகள் நிலவருவாயால் வாழ்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்து குவிந்ததால் அந்த வருவாய் வீழ்ந்தது. 1894இல் இறந்தவர் சொத்தின்மீது புதிய மரண வரி வந்தது. 1949இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு அது நூற்றுக்கு எண்பது பங்காயிற்று. இரண்டு உலகப் போர்கள் வாரிசுகளைப் பலிகொண்டன. ஏவலர்களும் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்றுவிட்டனர். கூரை ஒழுகும் நூறு அறைகளை யார் காப்பது? இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. எஞ்சியவற்றுள் சில பள்ளிகளாயின, சில காட்சியகங்களாயின, சில விடுதிகளாயின. 1948இல் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பிரான்சிஸ் கோல்சன் என்பவர் ஷாரோ பே என்னும் இல்லத்தை விடுதியாகத் திறந்ததே இவ்வகைக்கு முன்னோடி என்பர். தேம்ஸ் நதிக்கு மேலே நிற்கும் கிளிவ்டன் மாளிகை, ஆஸ்டர் குடும்பத்தாரால் 1942இல் தேசிய அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டு, 1985இல் விடுதியாயிற்று. பிரிட்டிஷ் மக்கள் சபையில் அமர்ந்த முதற்பெண்மணியான நான்சி ஆஸ்டர் விருந்தளித்த கூடங்களில் இன்று காசு கொடுப்பவர் எவரும் தேநீர் அருந்தலாம்.

பயணம் தடைப்பட்டு இத்தகைய மாளிகையில் தங்கியவர் நாங்கள் மட்டுமல்லர். பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி நாடிழந்து அலைந்த காலத்தில், 1809 முதல் 1814 வரை பக்கிங்காம்ஷயரிலுள்ள ஹார்ட்வெல் மாளிகையில் வாடகைக்கு இருந்தார். உடன் வந்த பரிவாரத்தினர் பெருந்திரளினர். இடமும் பணமும் போதாமையால் மாளிகையின் கூரைமேல் கூண்டுகளில் கோழியும் முயலும் வளர்த்தனர். தொட்டிகளில் கீரை பயிரிட்டனர். அரசி அங்கேயே காலமானார். நாடு திரும்பும் அழைப்பு வந்தது ஐந்தாவது ஆண்டில். ஓரிரவு தடைப்பட்டதற்கே முணுமுணுத்த எங்களைப் போன்றோர், ஐந்தாண்டு காத்திருந்த அவரை எண்ணித் தேறுதல் அடையலாம்!

அம்மாளிகைகளுள் சிலவற்றிற்கும் நம் தமிழகத்திற்கும் ஒரு பழங்கணக்கு உண்டு. 1744இல் சென்னைக்கு எழுத்தராக வந்து 1751இல் ஆற்காட்டில் பெயர் பெற்ற ராபர்ட் கிளைவ், இந்தியாவில் ஈட்டிய பெருஞ்செல்வத்தால் சர்ரே மாவட்டத்தில் கிளேர்மாண்ட் மாளிகையை எழுப்பினார். 1778 முதல் 1780 வரை சென்னையின் ஆளுநராக இருந்த தாமஸ் ரம்போல்டுக்காக ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உட்ஹால் பார்க் மாளிகை கட்டப்பட்டது. அதுவே பின்னர் பால் பென்ஃபீல்டின் கைக்கு மாறிற்று. ஆற்காட்டு நவாபுக்குக் கடும் வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த கூட்டத்தின் தலைவர் என்று, 1785இல் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் வன்மையாகச் சாடினாரே, அந்தப் பென்ஃபீல்டுதான்! அக்கடனுக்கு ஈடாக நின்றது கருநாடகத்து உழவன் கட்டிய நிலவரி. பென்ஃபீல்டும் அந்தச் செல்வத்தைக் காக்கவில்லை. 1810இல் பாரிசில் வறியவராக மாண்டார்.

நாங்கள் தங்கிய மாளிகைக்கு இவ்வரலாற்றில் பங்குண்டு என்று சொல்ல எங்களிடம் சான்றில்லை. ஆயினும் ஓவியத்திலிருந்த பிரபுக்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தபோது, “ஐயா, உங்கள் கூட்டத்தார் சிலர் எங்கள் ஊருக்கு வந்து நெடுங்காலம் தங்கினர், நாங்கள் ஓரிரவு தங்கிப் போகிறோம்” என்று மனத்திற்குள் சொல்லிக்கொண்டோம்.

காலையில் தேநீர் கொண்டுவந்த போலந்து நாட்டுப் பெண்ணிடம், இரவு எப்போது வீட்டிற்குச் சென்றாய் என்று கேட்டோம். பேருந்துகள் நின்றுவிட்டதால் செல்லவே இல்லை என்றும், துணி வெளுக்கும் அறையில் போர்வை மூட்டைகளின்மேல் சற்றே கண்ணயர்ந்ததாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்களைப் போலவே அவளும் வழியில் நின்றவள்தான். எங்களுக்கு நாற்கால் மஞ்சம்; அவளுக்குத் துணிமூட்டை. கும்பகோணத்து அம்மையார் புளியோதரையில் ஒரு பிடியை அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தார். காரம் தாங்காமல் அவள் கண்ணீர் விட்டாலும் முழுவதையும் உண்டாள்.

அன்பர்களே, இதுவரை சொன்னது இன்பமான பகுதி. இனிச் சொல்வதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை மாலை விமான நிலையம் திரும்பினோம். அங்கே ஒரு தூணின் அடியில் பஞ்சாபைச் சேர்ந்த முதிய தம்பதியர் அமர்ந்திருந்தனர். எங்கள் விமானத்தில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னே இருந்தவர்கள் அவர்கள். முதல் நாள் இரவிலிருந்து அந்த இடத்தை விட்டு அவர்கள் எழவில்லை. தரையில் மேலங்கியை விரித்துப் படுத்திருக்கின்றனர். கையிலிருந்த பிஸ்கட்டை உண்டு பொழுதைப் போக்கியிருக்கின்றனர். ஏன் எங்களோடு வரவில்லை என்று இந்தியில் கேட்டோம். ஒலிபெருக்கியில் சொன்னது விளங்கவில்லை. வெளியே போனால் மீண்டும் உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று அஞ்சினோம். யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை என்றார் அந்தப் பெரியவர். அவர் கையிலும் அந்தப் பொடியெழுத்துத் தாள் இருந்தது, நான்காக மடித்தபடி.

ஒரே விமானம். ஒரே கட்டணம். ஒரே சட்டம். ஒருவர் மாளிகையில் உறங்கினார். ஒருவர் தரையில் கிடந்தார். இவ்வேற்றுமையைச் செய்தது செல்வமன்று, சாதியன்று, பதவியன்று. கும்பகோணத்து அம்மையாருக்குத் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்தது. இவர்களுக்குப் பஞ்சாபியில் சொல்ல அந்நேரத்தில் எவரும் இல்லை. அவ்வளவே!

அந்தத் தாளில் இருந்ததுதான் என்ன? வெளிநாட்டில் பிள்ளைகளை உடைய ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியது அது.

ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் ஒரு விதியை இயற்றி, 2005 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தியது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு நீங்கிய பின்னும் அவ்விதியைத் தன் சொந்தச் சட்டமாக வைத்துக்கொண்டது. பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டுக் கம்பெனியுடையதாயினும் இது பொருந்தும். இவ்விதியில் இரண்டு கூறுகள் உண்டு. இரண்டையும் கலந்துவிடுதல் கூடாது. ஒன்று இழப்பீடு, மற்றொன்று பராமரிப்பு. கம்பெனியின் குறையால் விமானம் நின்றால், இந்தியா போன்ற தொலைவிடங்களுக்குச் செல்பவருக்கு 520 பவுன் வரை இழப்பீடு உண்டு. பனி, புயல், எரிமலை போன்றவற்றால் நின்றால் இழப்பீடு இல்லை. ஆனால் பராமரிப்பு எந்நிலையிலும் உண்டு. உணவு, தொலைபேசித் தொடர்பு, இரவு தங்க நேர்ந்தால் அறை, அங்கே போய்வர வண்டி ஆகிய நான்கையும் கம்பெனியே ஏற்க வேண்டும். இவ்வுரிமைகளை எழுத்தில் தரவேண்டும் என்பதும் சட்டம்.

‘இயற்கைச் சீற்றத்திற்கு நாங்கள் என்ன செய்வோம்’ என்னும் வாதமும் தீர்க்கப்பட்டுவிட்டது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவியபோது ஐரோப்பிய வான்வழி பல நாள் அடைபட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் விமானப் பயணங்கள் நின்றன. ஒரு வாரம் தவித்த பயணி ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2013 ஜனவரி 31இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எத்தனை நாளானாலும் பராமரிக்கும் கடமைக்கு வரம்பில்லை. கம்பெனி அறை தரத் தவறினால், நியாயமான செலவில் தாமே தங்கி, ரசீதைக் காட்டித் தொகையைத் திரும்பப் பெறலாம். மாளிகையில் தங்குவது உரிமையன்று; அது தற்செயல். தலைசாய்க்க ஓரிடம் பெறுவது உரிமை.

நம் நாட்டிலும் விதி உண்டு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010இல் இதற்கென விதிமுறைகளை வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்தியிருக்கிறது. தாமதம் 24 மணிக்கு மேற்பட்டாலும், இரவு எட்டு மணிக்கும் பின்னிரவு மூன்று மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதமானாலும், பயணிக்கு இலவசமாகத் தங்கும் அறை அளிக்க வேண்டும் என்பது அதிலுள்ளது. தில்லியிலிருந்து சென்னைக்கு இரவு விமானத்தில் செல்லும் நம்மவர்க்கு, மூடுபனி சூழும் மார்கழியிலும் தையிலும் நினைவில் இருக்க வேண்டியது இது.

சட்டம் இருக்கிறது, தாளும் இருக்கிறது. ஆயினும் பெரியவர் ஒருவர் தரையில் கிடந்தார். ஏனெனில் உரிமை என்பது அறிந்தவனுக்கே உரிமை. அறியாதவனுக்கு அது மடித்து வைத்த காகிதம். அறிவிக்கும் நாவும் அழைத்துச் செல்லும் கையும் வேண்டும். சட்டம் அறையைத் தரும். “வாருங்கள், பயப்பட வேண்டா” என்று சொல்லும் குரலைத் தராது. அதுதான் விருந்தோம்பல்.

நம் நாட்டில் அந்தக் குரல் ஓங்கி ஒலித்த காலம் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகிலும் சத்திரங்கள் அமைத்தனர். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சரபோஜி மன்னர் கம்பெனியாரின் ஆட்சிக்குக் கீழ்ப்பட்ட நிலையிலும், 1801இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், வழிப்போக்கருக்குச் சோறிடும் சத்திரங்கள் நின்றுவிடலாகாது என்று மன்றாடினார். காசிக்குச் சென்ற தமிழர் மொழி தெரியாது தவிப்பரே என்று நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சத்திரம் கண்டனர். அங்கே கிடைத்தது சோறும் திண்ணையும் மட்டுமா? தமிழில் ஒரு சொல்லும் கிடைத்தது.

தொலைவு ஏன் செல்ல வேண்டும்? இந்தக் காலனியின் மூத்தோரைக் கேளுங்கள். ஜி.டி. எக்ஸ்பிரஸில் கூஜாவும் படுக்கைச் சுருளுமாக வந்து இறங்கிய இளைஞர்களை, ‘எந்த ஊர் தம்பி?’ என்று கேட்டு அழைத்துவந்து, ஓரறை வீட்டில் ஆறாவது ஆளாகப் படுக்க இடம் தந்தவர்கள் அவர்கள். அந்தப் பண்பிலிருந்து பிறந்ததே இச்சங்கம்.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்களை வைத்து முடிக்கின்றோம். முதலாவது, நாங்கள் சொன்ன பயணியர் உரிமைகளை எளிய தமிழில், பெரிய எழுத்தில், கையடக்க அட்டையாக அச்சிட்டு வீட்டுக்கு வீடு வழங்க வேண்டும். பின்புறத்தில், ‘எனக்குத் தங்க இடமும் உணவும் தேவை’ என்னும் வாசகத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டால், பேச இயலாத பாட்டியாரும் அதை நீட்டிக் காட்டலாம். அச்சுச் செலவை நாங்கள் ஏற்கிறோம். இரண்டாவது, தனியே பயணம் செய்யும் முதியோர் எந்நேரமும் அழைக்கத்தக்க தொலைபேசி எண் ஒன்றைச் சங்கம் வைத்திருக்க வேண்டும். இளைஞர்கள் முறைவைத்து அதைக் கவனிக்கலாம். மூன்றாவது, மூடுபனிக் காலத்தில் இங்கே வழியில் நின்றுவிடும் பயணிகளுக்கு இடம்தர விரும்பும் வீடுகளின் பட்டியல் ஒன்று வேண்டும். தமிழர்க்கு மட்டுமா என்று கேட்பீர்கள். அன்று தூணடியில் இருந்தவர் தமிழரல்லர் என்பதை மறவாதீர்கள், அறியாதவரே விருந்து.

நம் வீடுகளில் நாற்கால் மஞ்சமும் வெள்ளி மூடியும் இல்லை. பாயும் தலையணையும் உண்டு. ஒரு தம்ளர் காப்பி உண்டு. பேச ஒரு வாய் உண்டு. வந்தவர்க்கு அவை போதும்.